ரணகள்ளித் தொட்டியும் பனிக்கால வண்ணத்துப்பூச்சியும்

மருத்துவமனையில் நெடுநாள் தங்கி வீடு திரும்புவோரின் கண்ணில் முதலில் படுபவை பெரும்பாலும் வாடிப்போன தொட்டிச் செடிகளே. நோயாளி படுக்கையில் இருக்கிறார். துணைக்கு வந்தவர் படுக்கையருகில் இருக்கிறார். துளசிக்கும் ரோஜாவுக்கும் தண்ணீர் ஊற்ற வீட்டில் எவரும் இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்கு வந்துபோகும் குடும்பங்களில் இதுவே சற்று மெதுவாக நிகழ்கிறது. ஒரு நாள் பயணத்திலும் இயந்திரத்தின் அருகிலும் கழிகிறது. அன்று மாலை உடல் சோர்ந்து கிடக்கிறது. மறுநாள் மாடிப்படி ஏறிப் பார்ப்பதற்குள் செடி தலை சாய்த்துவிடுகிறது. தொட்டிகளை எல்லாம் கவிழ்த்து ஓரமாக அடுக்கிவிட்டோம் என்று எங்கள் சிறுநீரகப் பிரிவில் சொல்வோர் பலர்.

அவ்வாறு கவிழ்த்த தொட்டிகளுள் ஒன்றை மீண்டும் நிமிர்த்தி வைக்குமாறு கேட்கவே இதனை எழுதுகிறோம். அதில் வைப்பதற்கு நாங்கள் சொல்லும் செடி உங்களுக்குப் புதியதன்று. ரணகள்ளி என்றும், ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்றும் ஊர்தோறும் அறியப்படும் அதே செடிதான். இரண்டு வாரம் தண்ணீர் இன்றியும் அது பிழைத்திருக்கும். மழைக்காலம் முடிந்து மற்றச் செடிகள் ஓய்ந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில் அது பூக்கும். அதை நாடி ஓர் அழகிய வண்ணத்துப்பூச்சி வரும். ஆயினும் இந்தச் செடியைக் குறித்துச் சிறுநீரக மருத்துவர்களாகிய எங்களுக்கு ஒரு கவலையும் உண்டு. அதனையும் மறைக்காமல் சொல்வோம்.

மேலைநாட்டுத் தோட்ட நூல்களில், காலந்தாழ்ந்து பூக்கும் சதைப்பற்றுச் செடி என்றால் செடம் என்ற இனத்தையே முதலில் குறிப்பிடுவர். ஜெர்மனியின் ஆரெண்ட்ஸ் நாற்றுப்பண்ணை 1955-இல் வெளியிட்ட ‘இலையுதிர்கால மகிழ்ச்சி’ என்னும் பொருள்படும் வகை அங்கே புகழ்பெற்றது. கோடைப் பூக்கள் உதிர்ந்தபின், செப்டம்பர் மாதத்தில், வண்ணத்துப்பூச்சிகளுக்கும் தேனீக்களுக்கும் அது தேன் தருகிறது. குளிர்ந்த பனிக்காலத்தில் உறங்கிப் பழகிய அச்செடிக்கு நம் சமவெளியின் வெக்கை ஒத்துவராது. ஆனால் அதன் குடும்பத்தைச் சேர்ந்த கலாஞ்சோக்களுக்கு நம் வெயில் பழக்கமானது. ரணகள்ளியும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. அதன் பிறப்பிடம் மடகாஸ்கர் தீவு. இன்று வெப்பநாடுகள் எங்கும் பரவி நிற்கிறது. பெயரில் கள்ளி இருந்தாலும் இது கள்ளியினம் அன்று. ஒடித்தால் பால் வடியாது. தெளிந்த சாறே வரும். இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

தண்ணீர் இன்றி இச்செடி எவ்வாறு தாக்குப்பிடிக்கிறது என்பதற்கு நம் ஊரோடு தொடர்புடைய ஒரு வரலாறு இருக்கிறது. தரங்கம்பாடிக்குச் சமயப் பணியாளராக வந்து, பின்னர்க் கிழக்கிந்தியக் கும்பனியின் சென்னை மாகாணப் பணியில் சேர்ந்த பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர் இதன் இலையை வேளை மாற்றி மென்று பார்த்தார். காலையில் இலை கடும் புளிப்பு. நண்பகலில் சுவையே இல்லை. மாலையில் இலேசான கசப்பு. 1813-இல் லண்டன் லின்னேயச் சங்கத்தைச் சேர்ந்த லாம்பர்ட்டுக்கு எழுதிய மடலில் ஹெய்ன் இதனைக் குறிப்பிட்டார். அதன் காரணம் முழுமையாக விளங்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்வாங்குகின்றன. அப்போது நீரையும் ஆவியாக இழக்கின்றன. ரணகள்ளியோ பகலில் துளைகளை மூடிக்கொண்டு, வெயில் தணிந்த இரவில் திறக்கிறது. இரவில் உள்வாங்கிய வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி இலைக்குள் சேமிக்கிறது. விடிந்ததும் துளைகளை மூடி, அந்த அமிலத்தைச் செலவிட்டு உணவு தயாரிக்கிறது. காலைப் புளிப்பும் நண்பகல் சப்பும் இதனால் விளைந்தவையே. ஹெய்ன் மென்றதைப் போல் நீங்களும் மென்று பார்க்க வேண்டாம் என்பதை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

இரவில் வாயுவை உள்வாங்கும் செடி என்பதால் படுக்கையறையில் வைத்தால் காற்று தூய்மையாகும் என்று சிலர் கேட்கின்றனர். ஓர் அறையின் காற்றை மாற்றும் அளவுக்கு ஒரு தொட்டிச் செடியால் எதுவும் நிகழாது. ஜன்னலைத் திறந்து வைப்பதே பயன் தரும். செடிக்கும் வெயில் தேவை. அதன் இடம் வெளியே.

இனி அந்த வண்ணத்துப்பூச்சி. ஆங்கிலத்தில் ரெட் பியரோ என்று அதற்குப் பெயர். சிறகு விரித்தால் ஒன்றேகால் அங்குலம் இருக்கும். மேற்புறம் கருமை, பின்சிறகில் மட்டும் செம்மஞ்சள் திட்டு ஒன்று. சிறகை மூடி அமர்ந்தால் காட்சி மாறிவிடும். வெள்ளைத் துணியில் மையைத் தெளித்தது போன்ற கரும்புள்ளிகளும், பின்சிறகின் ஓரத்தில் வெண்புள்ளிகள் பதித்த செம்மஞ்சள் பட்டையும், மயிரிழை போன்ற சிறு வாலும் தெரியும். மற்ற வண்ணத்துப்பூச்சிகளைப் போல் உயரே விரையாமல், தரையோடு தரையாக மெல்லப் பறக்கும். கட்டிலிலோ நாற்காலியிலோ அமர்ந்தபடி கண்ணால் பின்தொடர்வதற்கு இதைவிட ஏற்ற பூச்சி இல்லை என்பது எங்கள் கருத்து.

இப்பூச்சி ரணகள்ளியைத் தேடி வருவது தேனுக்காக மட்டும் அன்று, முட்டையிடுவதற்காக. ரணகள்ளி, கலாஞ்சோ வகைகளின் இலையே இதன் புழுவுக்கு உணவு. முட்டையிலிருந்து வெளிப்பட்ட சிறுபுழு இலையைத் துளைத்து உள்ளே போய்விடும். தடித்த இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் இடையிலுள்ள சதையைத் தின்றபடியே சுரங்கம் தோண்டிச் செல்லும். அது சென்ற வழி வெளிறிய கோடாகத் தெரியும். உள்ளே கரிய எச்சத் துகள்களும் இருக்கும். இலையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தால் புழுவையே காணலாம். வளர்ந்தபின் வெளியே வந்து, இலையின் அடியிலோ தொட்டியின் விளிம்பிலோ ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். முட்டை தொடங்கிச் சிறகு விரியும்வரை ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும்.

இங்கேதான் பலர் பொறுமை இழக்கின்றனர். இலை வெளிறிச் சுருங்கியதும் நோய் தாக்கியதாக எண்ணி மருந்து தெளித்துவிடுகின்றனர், அல்லது இலையைக் கிள்ளி எறிகின்றனர். வண்ணத்துப்பூச்சி வேண்டுமெனில் சில இலைகளை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். செடி அதனால் அழியாது; கிளைத்து மீளும். மூன்று, நான்கு தொட்டிகள் இருந்தால் ஒன்றை முழுவதும் புழுவுக்கே ஒதுக்கிவிடலாம். பூச்சிமருந்தை அறவே தவிருங்கள். நோயுற்றவர் மூச்சிழுக்கும் இடத்தில் அதைத் தெளிப்பதை நாங்கள் எக்காரணம் கொண்டும் ஏற்பதில்லை.

பூவைப் பற்றியும் ஒரு சொல். ரணகள்ளியின் பூக்கள் தலைகீழாகத் தொங்கும் மணிகளைப் போன்றவை. அவற்றின் ஆழத்திலுள்ள தேனை எடுக்கத் தேன்சிட்டுகளே பெரிதும் வருகின்றன. வண்ணத்துப்பூச்சியும் எளிதில் தேன் அருந்த வேண்டுமெனில், நர்சரிகளில் கலாஞ்சோ என்ற பெயரில் விற்கும், கொத்துக்கொத்தாய் மேல்நோக்கிப் பூக்கும் வகையை அருகில் வையுங்கள். நான்கே இதழ் கொண்ட ஒற்றைப் பூவாகப் பார்த்து வாங்குங்கள். ரோஜாபோல் அடுக்கடுக்காய்ப் பூப்பவை கண்ணுக்கு விருந்தாகலாம், பூச்சிக்கு ஆகா. இவற்றைவிட எளிய வழியும் உண்டு. தொட்டி ஓரத்திலும் வாசற்படி இடுக்கிலும் தானே முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டைப் பிடுங்காமல் விடுங்கள். அந்தச் சிறு மஞ்சள்நடுப் பூவில் ரெட் பியரோ அமர்ந்து தேன் குடிப்பதை அடிக்கடி காணலாம்.

இனி எங்கள் கவலைக்கு வருவோம்.

ரணகள்ளி இலை சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்ற நம்பிக்கை தமிழகமெங்கும் உள்ளது. புறநோயாளர் பிரிவில் நாங்கள் அன்றாடம் கேட்கும் கேள்வி ஒன்று: “வேறு மருந்து ஏதேனும் சாப்பிடுகிறீர்களா?” இல்லை என்பதே பெரும்பாலும் விடை. சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தால், உடன்வந்த மனைவியோ மகளோ மெல்லச் சொல்வார்: “மருந்தெல்லாம் ஒன்றுமில்லை டாக்டர், காலையில் வெறும் வயிற்றில் இரண்டு இலை மட்டும்தான்.” அவர்கள் பொய் சொல்லவில்லை. வீட்டுத் தொட்டியில் பறித்த இலையை மருந்தென்று எவரும் எண்ணுவதில்லை. ஆகையால்தான் இப்போது “ஏதேனும் இலை, வேர், பொடி, கஷாயம் சாப்பிடுகிறீர்களா?” என்று தனியே கேட்கிறோம்.

இலையைச் சாப்பிட்டேன், கல் வெளியேறிவிட்டது என்று சொல்வோரும் உண்மையையே சொல்கின்றனர். ஆனால் 5 மில்லிமீட்டருக்கும் சிறிய கற்களுள் பெரும்பாலானவை, எதுவும் உண்ணாவிட்டாலும் சில வாரங்களில் சிறுநீரோடு தாமாகவே வெளியேறிவிடும். அந்த வாரங்களில் எதை உண்டோமோ அதற்குப் பெருமை போய்ச் சேர்கிறது. நம்மிடையே மிகுதியாகக் காணப்படும் கால்சியம் ஆக்சலேட் கற்களைக் கரைக்கும் மருந்து எதுவும் இதுவரை இல்லை. யூரிக் அமிலக் கற்களை மட்டும், சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்துகளைக் கண்காணிப்போடு கொடுத்துக் கரைக்க முடிகிறது.

இதனினும் ஆபத்தான ஒன்று உண்டு. சிறுநீர்க் குழாயில் கல் அடைத்துக்கொண்டால் தொடக்கத்தில் கடும் வலி எழும். சில நாள்களில் வலி தணிந்துவிடலாம். வலி தணிந்தது என்பதற்குக் கல் போய்விட்டது என்று பொருள் அன்று. அடைப்பு அப்படியே இருக்க, அந்தச் சிறுநீரகம் வலியின்றியே சிறிதுசிறிதாகச் செயலிழக்கலாம். இலை வேலை செய்துவிட்டது என்று மகிழ்ந்திருந்து, பல மாதங்களுக்குப் பின் ஸ்கேன் எடுக்கும்போதுதான் அது தெரியவரும். வலி நின்றாலும் ஸ்கேன் செய்து கல் வெளியேறியதை உறுதிசெய்யுங்கள். கல்லோடு காய்ச்சலும் குளிரும் சேர்ந்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ, அன்றைக்கே, இரவானாலும், மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

இலையின் உள்ளே இருப்பது என்ன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ரணகள்ளியிலும் அதன் உறவுச் செடிகளிலும் பூஃபாடையினோலைடுகள் என்னும் வேதிப்பொருள்கள் உள்ளன. இதயத் துடிப்பைச் சீராக்க நாங்கள் தரும் டைகாக்சின் மாத்திரையைப் போன்றே இவையும் இதயத் தசைகளின் உயிரணுக்களில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் இடம் மாறும் முறையில் குறுக்கிடுகின்றன. அளவு மிகுந்தால் குமட்டலும் வாந்தியும் தோன்றும், துடிப்பு தடுமாறும். ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இவ்வினச் செடிகளை மேய்ந்த கால்நடைகள் இறந்துள்ளன. பூக்களில் நஞ்சு கூடுதல். மனிதர் ஓரிரு இலை உண்பதும் மாடு வயிறார மேய்வதும் ஒன்றல்ல என்பது சரியே. ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டவரின் உடல் மற்றவர் உடலைப் போன்றதன்று. இரத்தத்தில் பொட்டாசியம் ஏற்கெனவே தாறுமாறாக இருக்கும். டைகாக்சினும் உண்பவராக இருந்தால் அதுவும் சிறுநீரகத்தின் வழியே மெதுவாகத்தான் வெளியேறும். அந்த நிலையில் இதயத்தின் மீது இன்னொரு சுமையை ஏற்றுவது தகாது.

சித்த மருத்துவத்தைக் குறைகூறுவது எங்கள் நோக்கமன்று. சித்த மருத்துவரிடம் செல்வோர் தம் கிரியாட்டினின், பொட்டாசியம் அறிக்கைகளை அவரிடம் காட்ட வேண்டும். அவர் தருவதை எங்களிடமும் சொல்ல வேண்டும். எவரையும் கேட்காமல் தொட்டியிலிருந்து பறித்து உண்பதைத்தான் வேண்டாம் என்கிறோம். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்வோர், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டோர், இதய மருந்து உண்போர், கருவுற்ற மகளிர், குழந்தைகள் ஆகியோர் இவ்விலையை உண்ணவே கூடாது. புழுவுக்காக வளருங்கள்.

வளர்ப்பதற்கு இலை ஒன்றே போதும். தடித்த, முதிர்ந்த இலையை ஈரமண்ணின் மேல் படுக்க வைத்தால், ஓரத்தின் பற்களுக்கிடையே வேரும் குருத்துமாகச் சிறு கன்றுகள் முளைக்கும். ஜெர்மானியக் கவிஞர் கதே இந்தக் காட்சியில் மயங்கி, குட்டிவிட்ட இலைகளை நண்பர்களுக்கு அனுப்பி வந்தார். எங்கள் டயாலிசிஸ் பிரிவில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையினரும் அவ்வாறே கொடுத்து வாங்கலாம். ஆனால் வாயிலுக்கு வெளியே. மண் ஒட்டிய செடியையும் பூங்கொத்தையும் வார்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

ஆடி மாதத்தில் இலையை வைத்தால் மழைக்கு முன் செடி வேர்பிடித்துவிடும். எட்டு அங்குல மண்தொட்டி போதும். அடியில் துளை கட்டாயம். செம்மண் ஒரு பங்கு, மணலோ உடைத்த செங்கல் துகளோ ஒரு பங்கு, மக்கிய எரு அரைப்பங்கு. தென்னை நார்க்கழிவு நீரைப் பிடித்து வைப்பதால் இதற்குச் சேர்க்க வேண்டாம். காலை வெயில் நான்கு மணி நேரமாவது விழ வேண்டும். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுள் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையெனில் மட்டும் ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சன்ஷேடுக்குக் கீழே நகர்த்திவிடுங்கள். இச்செடி வறட்சியில் சாவதில்லை, தேங்கிய நீரில் அழுகும். நீண்ட இரவைக் கண்டபின்னரே இது மொட்டு விடும். ஆகவே தெருவிளக்கோ மாடிவிளக்கோ இரவெல்லாம் மேலே விழும் இடத்தில் வைத்தால் இலை மட்டுமே தழைத்திருக்கும். பூவைக் காண்பது அரிது.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். தேங்கிய நீரில் டெங்குக் கொசு முட்டையிடும். இச்செடிக்கோ தட்டின் நீர் தேவையே இல்லை.

ஃபிஸ்டுலா வைத்த கையால் தொட்டியைத் தூக்க வேண்டாம், துணையிருப்பவர் தூக்கட்டும். அந்தக் கையில் முள் கீறுவதும் கூடாது. யூபோர்பியா என்று விற்கும் முட்செடியை வீட்டில் சேர்க்காதீர்கள். திருகுகள்ளி, சதுரக்கள்ளி, எருக்கு ஆகியவற்றை ஒடித்தால் வரும் பால் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். அவ்வாறு பட்டுவிட்டால் தூய நீரால் நீண்ட நேரம் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். ரணகள்ளியில் பால் இல்லை என்று முன்னே சொன்னதன் காரணம் இதுவே. பெயரில் கள்ளி உள்ளவை எல்லாம் ஒன்றல்ல.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டோர் முதல் ஆறு மாதங்கள் மண்ணைத் தொடவே வேண்டாம். நாற்காலி போட்டுப் பார்த்திருக்கலாம். அதன் பின்னரும் கையுறையும் முகக்கவசமும் அணிந்தே செடியருகில் செல்லுங்கள். எருவைக் கிளறும் வேலை பிறருடையது. மண்ணிலும் மக்கும் இலையிலும் வாழும் பூஞ்சைகளும் கிருமிகளும், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்பவரின் நுரையீரலை எளிதில் தாக்கும். நீரிழிவு உள்ளோர் ஈரமண்ணில் வெறுங்காலோடு நிற்கக் கூடாது. உணர்ச்சி குன்றிய பாதத்தில் முள் தைத்தது தெரியாமலே புண் முற்றியதைப் பலமுறை கண்டிருக்கிறோம். மழைக்காலச் சேற்றிலிருந்து மெலியாய்டோசிஸ் என்ற கடுமையான தொற்றும் அவர்களுக்கு வரக்கூடும். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோர் திரவம் மாற்றும் அறையில் செடி எதையும் வைக்காமல், தோட்டவேலைக்குப் பின் சோப்பால் கைகழுவி, உடை மாற்றிக்கொண்டே அறைக்குள் செல்ல வேண்டும்.

பங்குனியில் பூ முடிந்ததும் காய்ந்த தண்டை அடியோடு வெட்டிவிடுங்கள். பக்கத்தில் புதுக்கன்றுகள் எழுந்திருக்கும். வெட்டும் முன் தண்டிலும் இலையடியிலும் கூட்டுப்புழு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஒரு வாரம் பொறுத்திருங்கள். கழித்த தண்டையும் இலைகளையும் தெருவோரம் கொட்ட வேண்டாம். குப்பையில் மேயும் மாடும் ஆடும் அவற்றைத் தின்றுவிடும். காலி மனையில் விழுந்த இலை ஒவ்வொன்றும் ஒரு புதராகும். நன்கு காயவைத்துப் பையில் கட்டிக் குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள்.